பார்வையில்லாத மாணவிக்கு வில்வித்தை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சிறிய அளவில் வில்வித்தைப் பயிற்சி நடத்துகிறேன். இரு கண்களிலும் பார்வையில்லாத 15 வயதுப் பெண் சேர விரும்புகிறாள். மற்ற பெற்றோர் அஞ்சுகிறார்கள். சேர்க்கலாமா? எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்: தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் உடல் அதே நிலைக்கு வந்து நின்றால் அம்பு அதே இடத்துக்குப் போகும். அந்த நிலையைத் தொட்டும் அறியலாம்.

இரண்டு பொருள்கள் வேண்டும். முதலாவது ஒரு பலகை. அவளுடைய பாத முனைகள் வந்து முட்டும்படி அதில் இரண்டு மரத்துண்டுகளை அடித்து, எய்யும் கோட்டில் அசையாமல் பொருத்துங்கள். பாதம் சரியாக நின்றால் தோளும் சரியாக நிற்கும். அடுத்தது தொட்டுணரும் குறிகாட்டி. கேமரா ஸ்டாண்டு போன்ற தாங்கியில் ஒரு குறுக்குக் கம்பியைக் கட்டி, அதன் முனையில் சிறு ரப்பர் குமிழை மாட்டுங்கள். நாணை இழுத்து நிறுத்தும்போது, வில் பிடித்த கையின் புறங்கை அந்தக் குமிழைத் தொட வேண்டும். தொட்டால்தான் அம்பை விடலாம். தொடாவிட்டால் நாணை மெல்லத் தளர்த்திவிட வேண்டும். இதை முதல் நாளே கண்டிப்பான விதியாக்குங்கள். அம்பு இடப்பக்கம் விலகினால் குமிழை வலப்பக்கம் நகர்த்துங்கள், ஆனால் மிகச் சிறிதாக. இங்கே 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் 18 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் விலகும்.

அவளுக்குப் பின்னால் ஒரு துணையாள் நின்று, அம்பு இலக்கின் எந்த நிற வளையத்தில், எந்தப் பக்கம் விழுந்தது என்று கடிகாரக் கணக்கில் சொல்ல வேண்டும்: “சிவப்பு, மூன்று மணிப் பக்கம்.” “பரவாயில்லை, நல்ல முயற்சி” என்பதால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. தொடக்கத்தில் இலக்கில் பலூன் கட்டுங்கள். வெடிக்கும் ஓசையே விடை சொல்லும்.

பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள்: களம் முன்பே விசில் ஒலியில்தான் நடக்கிறது. இரண்டு விசிலுக்குக் கோட்டுக்கு வருகிறோம், ஒன்றுக்கு எய்கிறோம், மூன்றுக்கு நிறுத்தி அம்பு எடுக்கப் போகிறோம். அவளுக்கென்று தனிப் பாதுகாப்பு முறை எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கைகளின்றிப் பிறந்த ஷீத்தல் தேவி, காலால் வில் பிடித்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு அணி வெண்கலம் வென்றதையும் நினைவூட்டுங்கள். பார்வையற்றோருக்கு அங்கே இன்னும் தனிப் பிரிவு இல்லை. அது எனக்குப் பெரிய மனக்குறை. உலகப் பாரா வில்வித்தைப் போட்டிகளில் உண்டு. அங்கே அவர்கள் 30 மீட்டரில் எய்கிறார்கள்.

கற்றுக்கொடுக்கும்போது கேட்காமல் அவள் கையையோ தோளையோ பிடித்துத் திருப்பாதீர்கள். அவள் சம்மதித்தால், நீங்கள் நாணை இழுக்கையில் உங்கள் தோள்பட்டை எலும்பு நகர்வதை அவள் தொட்டுப் பார்க்கட்டும். பல நாள் வாய்ப்பேச்சை அது மிச்சப்படுத்தும்.

அம்பு பிடுங்க அவளையும் அழைத்துச் செல்லுங்கள். அவள் உங்கள் முழங்கையைப் பிடித்து வரட்டும். நேராகப் போனால் அம்பின் வால் முகத்தில் குத்தும். எனவே பக்கவாட்டில் வந்து, உள்ளங்கையை இலக்குப் பலகையில் வைத்து மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். தன் அம்புகள் எத்தனை விரல் இடைவெளியில் நிற்கின்றன என்பதை அவளே அளந்து பார்க்கட்டும். அந்த இடைவெளி குறையும்வரை 5 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.