இஞ்சி பீர் முதல் தடவை போடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பதில்கள் புரியாது. ஒரு பாட்டிலில் துருவிய இஞ்சி 2 ஸ்பூன், சர்க்கரை 2 ஸ்பூன், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 2 டம்ளர். துணி கட்டி மூடி, தினமும் இஞ்சியும் சர்க்கரையும் ஒவ்வொரு ஸ்பூன் போட்டுக் கலக்க வேண்டும். சேலம் சூட்டுக்கு மூன்று நான்கு நாளில் நுரைக்கும். இதுதான் ஜிஞ்சர் பக், பானத்தைப் புளிக்கவைக்கும் தாய். அப்புறம் 1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் இஞ்சியைத் தட்டிப் போட்டு, 80 கிராம் சர்க்கரையுடன் கொதிக்கவிட்டு, முழுசாக ஆறியதும் வடிகட்டி, ஒரு எலுமிச்சை பிழிந்து, வடிகட்டிய பக் அரை டம்ளர் சேர்த்து, பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் மேலே கொஞ்சம் இடம் விட்டு அடைக்கவும். பாட்டில் இறுகியதும் ஃப்ரிட்ஜில் வைக்கவும். இனி கேள்விகள்.

சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, இதெல்லாம் குழந்தைங்க குடிக்கறது. நிஜ பீர் எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க. மால்ட் ஆன்லைன்லயே கிடைக்குது.

மால்ட் கிடைக்கும், அனுமதி கிடைக்காது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், நான் மட்டும்தானே குடிக்கிறேன் என்றாலும் குற்றம்தான். அதுவும் நீங்கள் கேட்கிற ஊர் எது? 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலில் அமலுக்கு வந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான். கொண்டுவந்த ராஜாஜி அதற்கு முன் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். அன்று வந்த 1937ஆம் வருடச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது.

தெரிந்துகொள்ள மட்டும்: பார்லியை முளைகட்டி உலர்த்தியதுதான் மால்ட். அதைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். வடித்து, ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்ப்பார்கள். இஞ்சி பீரில் சர்க்கரையை நாமே போட்டுவிடுவதால் முன்பாதி வேலை மிச்சம்.

அம்மாப்பேட்டை: வெளிநாட்டு வீடியோவுல அழகா கண்ணாடி பாட்டில்ல ஊத்தறாங்களே, ஊத்தலாமா?

கூடாது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஏறக்குறைய சரிபாதி ஆல்கஹாலாகவும் சரிபாதி கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. 1 லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை தீர்ந்தால் சுமார் 1 லிட்டர் வாயு. நன்றாக நுரைத்துப் பொங்க 2 லிட்டர் வாயு போதும், அதாவது 8 கிராம். நாம் போட்டிருப்பதோ 80 கிராம். மறந்துபோய் வெளியே வைத்து முழுக்கப் புளித்தால் 20 லிட்டர் வாயு அந்த ஒரு பாட்டிலுக்குள் அடைபடும். சாதாரணக் கண்ணாடி அதற்கு முன்பே வெடித்துவிடும், சில்லு கண்ணைத் தேடித்தான் வரும். பிளாஸ்டிக் என்றால் விரலால் அமுக்கிப் பார்க்கலாம். காலையில் குழிகிற பாட்டில் மாலையில் குழியவில்லை, அடிப்பாகம் லேசாக வெளியே தள்ளுகிறது என்றால் உடனே ஃப்ரிட்ஜ். குளிரில் ஈஸ்ட் சாகாது, வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஃப்ரிட்ஜில் வைத்ததையும் ஒரு வாரத்தில் குடித்து முடித்துவிடுங்கள்.

சூரமங்கலம்: இஞ்சியைத் தோல் சீவணுமா, அக்கா?

பக்கில் போடும் இஞ்சிக்குச் சீவ வேண்டாம். நுரைக்க வைக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தோலில்தான் அதிகம். உழவர் சந்தையில் மண்ணோடு கிடைக்கும் இஞ்சியை வாங்கி, மண் போகக் கழுவினால் போதும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர்: மன்னிக்கவும் அம்மா. ‘இஞ்சிக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? தோலோடு போடச் சொல்வது தவறு.

ஐயா, லேகியத்துக்கும் மொரப்பாவுக்கும் நானும் சீவித்தான் போடுகிறேன். ஆனால் இங்கே தோலை யாரும் தின்னப் போவதில்லை. பக்கை வடிகட்டி, 1 லிட்டருக்கு அரை டம்ளர்தான் சேர்க்கிறோம். கொதிக்கவைக்கும் 50 கிராம் இஞ்சியைத் தாராளமாகச் சீவிக்கொள்ளுங்கள், அதில் இருக்கும் ஈஸ்ட் எப்படியும் கொதியில் செத்துவிடும்.

நாமக்கல் பக்கம்: ஐயா சொல்றது சரி. எங்க பாட்டி இஞ்சிச் சாறு எடுத்தா அடியில தங்கற வெள்ளைச் சுண்ணாம்பைக்கூட விடமாட்டாங்க. நீங்க தோலே பரவாயில்லைங்கறீங்க.

சாற்றின் அடியில் தங்குவது சுண்ணாம்பு இல்லை, இஞ்சியின் மாவுச்சத்து. பாட்டி அதைத் தள்ளியதில் தப்பில்லை, சாறு தெளிவாக இருக்கும். ஆனால் அது நஞ்சும் இல்லை.

ஓமலூர்: அப்ப பழமொழி பொய்யா?

நான் அப்படிச் சொல்லவே இல்லை. மண்ணுக்குள் விளைகிற பொருளின் தோலில் அழுக்கும் மருந்தடித்த மிச்சமும் இருக்கும், சீவு என்பது நல்ல சமையல் புத்தி. நமக்கு வேண்டியதும் அதே தோலில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மனம் ஒப்பாதவர்கள் சீவிப் போட்டும் பாருங்கள், பல சமயம் நுரைக்கும். ஆனால் நாள் கூடும், சில சமயம் நுரைக்காமலே கெட்டும் போகும். எங்கள் வீட்டில் துவையலுக்குச் சீவிய தோலைத்தான் பக்கில் போடுகிறேன். இதைச் சொன்னதும் பெரியவர் இன்னும் நாலு முறை எழுதியிருக்கிறார். ஐயா, தோல் விஷயம் இத்தோடு போதும். இல்லையென்றால் மற்றவர்கள் கேள்வி எல்லாம் ஊறிக்கொண்டே இருக்கும்.

அஸ்தம்பட்டி: ஆறு நாள் ஆச்சு, ஒரு குமிழிகூட இல்லை. குழாய்த் தண்ணீர்தான் ஊத்தினேன்.

அதுதான் காரணமாக இருக்கும். மேட்டூரிலிருந்து வருகிற காவிரித் தண்ணீரில் கிருமி சாகக் குளோரின் போடுகிறார்கள். நம் ஈஸ்ட்டும் கிருமிதானே! காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் புதிதாகத் தொடங்குங்கள். மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல் படர்ந்திருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், கரண்டியால் எடுத்துப்போட்டுவிட்டுத் தொடர வேண்டாம்.

ஆத்தூர்: குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். பாட்டில் இறுகியதுமே ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஆல்கஹால் அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். உணவுப் பாதுகாப்பு விதிகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் போனால் அது மதுபானம். வெளியே விட்டு 80 கிராமும் புளித்தால் 5 சதவீதத்தைத் தொடும், கடை பீர் அளவு. குகைத் தம்பி இதைப் படித்துச் சிரிப்பது தெரிகிறது. சட்டத்துக்கு இஞ்சியா பார்லியா என்பது கணக்கில்லை, தம்பி. கர்ப்பிணிகளும் தவிர்க்கவும். குழந்தைகளுக்கு அதே இஞ்சித் தண்ணீரைப் பக் சேர்க்காமல் சோடா கலந்து கொடுங்கள்.

தாதகாப்பட்டி: எனக்குச் சுகர் இருக்கு. சர்க்கரையை ஈஸ்ட் தின்னுடும்னு சொல்றாங்களே?

80 கிராமில் 8 கிராம்தான் தின்றிருக்கிறது. 250 மில்லி டம்ளரில் 18 கிராம் சர்க்கரை மிச்சம் இருக்கிறது. உங்களுக்கு இது வேண்டாம்.

மேட்டூர்: நாட்டுச்சர்க்கரை போடலாமா? பேக்கரி ஈஸ்ட்?

நாட்டுச்சர்க்கரை போடலாம், நுரை வேகமாகவே வரும், நிறம் கறுக்கும். வெல்லமானால் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும். பேக்கரி ஈஸ்ட் பொங்கும், ஆனால் வாயில் பன் வாசனை. அதற்குப் பன்னே வாங்கலாம்.

எடப்பாடி: திராட்சை ஒயின் போடறது எப்படி?

முதல் பதில்.

சங்ககிரி: கொம்புச்சா?

அது தேநீரைப் புளிக்கவைப்பது, வேறு தாய், வேறு கணக்கு. இங்கே இல்லை.

சேலம் டவுன்: கோலி சோடா பாட்டில் கெட்டியான கண்ணாடிதானே? அதுல ஊத்தலாமா?

கண்ணாடி கூடாது என்று மேலே அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். கோலிக்குத் தனியாகச் சொல்கிறேன்: உள்ளே வாயு அழுத்தினால்தான் கோலி ரப்பர் வளையத்தில் போய் உட்காரும். அதனால்தான் கடையில் இயந்திரத்தில் வைத்து வாயு ஏற்றுகிறார்கள். நம் பானத்தில் முதல் நாள் வாயுவே கிடையாது, கோலி கீழேயே கிடக்கும், மூடாது.

ஏற்காட்டிலிருந்து ஒரு தங்கை: எஸ்டேட் வீட்ல குளிர் ஜாஸ்தி. பக் மந்தமா இருக்கு. தோட்டத்து கமலா ஆரஞ்சு சேர்க்கலாமாக்கா?

இதுதான் நான் எதிர்பார்த்த கேள்வி. 1500 மீட்டர் உயரத்தில் சேலம் கணக்கு செல்லாது. பக் பிடிக்க ஒரு வாரம் ஆகலாம், அடைத்தபின் பாட்டில் இறுக மூன்று நான்கு நாள். கீழே கோடையில் ஒரே நாளில் இறுகிவிடும். அவசரப்பட்டு அடுப்பு மேடையில் வைக்காதே. மெதுவாகப் புளிப்பதில்தான் காரமும் வாசனையும் நிற்கும். கமலாச் சாற்றை எலுமிச்சைக்குப் பதிலாக ஊற்றாதே, அதில் அவ்வளவு புளிப்பு இல்லை. எலுமிச்சையோடு கூட 100 மில்லி சேர், அந்த அளவுக்குத் தண்ணீரையும் ஒரு ஸ்பூன் சர்க்கரையையும் குறை. தோலின் ஆரஞ்சுப் பகுதியை மட்டும் மெல்லியதாகச் சீவி, அடுப்பை அணைத்தபின் போட்டு மூடு. வெள்ளைப் பகுதி விழுந்தால் கசக்கும். காபிச் செடிக்கு நிழல் தரும் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்குமே, அதில் நாலு பச்சை மிளகு தட்டிப் போடு. ஃப்ரிட்ஜில் ஒரு இரவு வைத்து, மூடியை வாஷ் பேசினுக்கு மேலே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திற.

மிச்சப் பக்கை மூடி லூசாக ஃப்ரிட்ஜில் வை. வாரம் ஒருமுறை ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை. தோலோடு.