மரியா வில்லியம்ஸும் மாவோரிப் பெண்கள் பள்ளியும்: கேள்வி பதில்

நியூசிலாந்தின் நேப்பியர் நகரில், அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்பிள்ளைகளுக்காக 1875ல் தொடங்கிய ஹூகரேரே விடுதிப் பள்ளி பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

மலர்விழி: மரியா யார்?

மிஷனரி வில்லியம் வில்லியம்ஸின் மகள், பிறந்தது 1839ல். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் டூரங்காவுக்கு, அதாவது இன்றைய கிஸ்போர்னுக்கு, குடிபெயர்ந்தது. மாவோரி பேசும் ஊரில்தான் வளர்ந்தார். புதிய ஏற்பாட்டை மாவோரியில் கொண்டுவந்ததும், 1844ல் மாவோரி அகராதி வெளியிட்டதும் அவருடைய அப்பாதான். மிஷன் பள்ளியில் அம்மா ஜேனும் மகள்களும் பாடம் நடத்தினார்கள். 1865ல் காலனி அரசுக்கும் மாவோரிக் குழுக்களுக்கும் இடையிலான சண்டை நெருங்கவே எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. அப்புறம்தான் நேப்பியர். பிஷப்பாக இருந்த அப்பா, ஹூகரேரே பள்ளியைத் தொடங்கி மூன்றே வருடத்தில் காலமானார். அதை வளர்த்தெடுத்த உழைப்பு மரியா உள்ளிட்ட மகள்களுடையது. 'பிஷப் பள்ளி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ஹென்றி வில்லியம்ஸ் மரியாவின் பெரியப்பா. பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் செய்துகொண்ட 1840 வைதாங்கி உடன்படிக்கையை மாவோரியில் மொழிபெயர்த்தவர் அவர்தான். அவரையும் மரியாவின் அப்பாவையும் குழப்பாதீர்கள்.

பாஸ்கர்: தே ஔதே கல்லூரியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது 1854ல் ஹென்றியின் மகன் சாமுவேல் தொடங்கிய ஆண்கள் பள்ளி.

ரேவதி: சமையல், தையல், துவைப்பு. வேலைக்காரிகளைத்தானே தயாரித்தார்கள்?

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல மாட்டேன். வீட்டுவேலைப் பயிற்சி இருந்தது, நிறையவே இருந்தது. பெருக்குவது, துவைப்பது என்று விடுதி வேலையையும் பிள்ளைகளே செய்தார்கள். கிறிஸ்தவ மனைவியாக, தாயாக ஊர் திரும்பி வீட்டை மாற்ற வேண்டும் என்பதே மிஷனின் கணக்கு. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஆங்கிலமும் கணக்கும் கூடவே இருந்தன. கிராமப் பள்ளிகளில் தேறிய பெண்கள் அரசு உதவித்தொகையில் இங்கே வந்து மேலே படித்தார்கள். 1898 முதல் இங்கிருந்தும், நேப்பியரிலேயே இருந்த கத்தோலிக்கப் பள்ளியான செயின்ட் ஜோசப்ஸிலிருந்தும் மாணவிகள் நேப்பியர் மருத்துவமனைக்குப் போய் நர்ஸ் வேலை கற்கத் தொடங்கினார்கள். செயின்ட் ஜோசப்ஸில் படித்த அகெனேஹி ஹெய் 1908ல் நர்ஸாகப் பதிவு பெற்றார். டைஃபாய்டு வந்த சொந்தக் குடும்பத்தாரைக் கவனிக்கப் போய், அதே காய்ச்சலில் 1910ல் இறந்தார். இவர்களை வேலைக்காரிகள் என்று எழுத என் கை வராது.

இளங்கோ: மாவோரி மொழியை அழித்ததே இந்தப் பள்ளிகள்தான். மறுக்க முடியுமா?

பழியில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கான 1867 சட்டம் ஆங்கிலத்தைப் பாடமொழியாக்கியது.

ரேவதி: பெற்றோரே ஆங்கிலம் கேட்டார்களே?

கேட்டார்கள். 1870களில் வி தே ஹாகிரோ என்ற மாவோரியரும் இன்னும் பலரும் நாடாளுமன்றத்துக்கு மனுவே கொடுத்தார்கள். ஆனால் அன்று வீடெல்லாம் மாவோரி. அதன் மேல் ஆங்கிலமும் வேண்டும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். வீட்டு மொழியே போய்விடும் என்று யாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடவில்லை.

இளங்கோ: அப்படியானால் மரியா குற்றவாளிதான்.

மாவோரி சரளமாகத் தெரிந்தும் ஆங்கிலப் பள்ளி நடத்தினார் என்று கேளுங்கள், ஏற்கிறேன். ஆனால் மாவோரிப் பேச்சு பெருமளவில் அறுந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, குடும்பங்கள் நகரங்களுக்குப் போனபோது. அப்போது மொழியைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஹூகரேரேவில் படித்த ஙோய் பேஃபைராங்கியும் ஒருவர். கதெரினா மதைராவோடு சேர்ந்து தே அதாராங்கி என்ற கற்பித்தல் முறையை உருவாக்கினார். வண்ண மரக்குச்சிகளை மேசையில் வைத்து, "சிவப்பை எடு, நீலத்தின் மேல் வை" என்று மாவோரியிலேயே பேசப் பழக்குவார்கள். வகுப்பில் ஆங்கிலத்துக்கு இடமே கிடையாது.

சுரேஷ்: வைதாங்கியை மொழிபெயர்த்தது மரியாவின் அப்பாவா?

மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள். பெரியப்பா.

நெல்லை வாசகர்: நம்ம ஊர் சி.எம்.எஸ்.தானா?

ஆமாம், வில்லியம்ஸ் குடும்பத்தை அனுப்பியது அதே சர்ச் மிஷனரி சங்கம்தான். பாளையங்கோட்டை சாராள் தக்கர் பள்ளி பற்றித் தனியாகக் கேளுங்கள்.

கவிதா: பள்ளி இன்னும் இருக்கிறதா?

1969ல் மூடினார்கள், 1990களில் மீண்டும் திறந்தார்கள். பிறகு எஸ்க்டேலுக்கு மாறியது. 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் வெள்ளம் அந்தப் பள்ளத்தாக்கையே மூழ்கடித்தது. போய்ப் பார்க்க நினைத்தால், பள்ளி இப்போது எங்கே நடக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.