அப்பாவின் அவசரபுத்திக்கு வயிறுதான் காரணமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. ஒரு பேனா வாங்குவதற்குக்கூட இரண்டு முறை யோசிப்பவர். எட்டு மாதங்களாக ஆளே மாறிவிட்டார். தொலைபேசியில் யார் எதை விற்றாலும் வாங்கிவிடுகிறார். பிறர் பேசி முடிக்கும்வரை பொறுப்பதில்லை. இனிப்பைக் கண்டால் கை நிற்பதில்லை. கூடவே தீராத மலச்சிக்கல். குடல் பாக்டீரியாக்கள் சீர்கெட்டால் முதியவர்களுக்கு இப்படி ஆகும் என்று படித்தேன். நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். சொன்னால் கோபப்படுவார். பாலில் கலந்து கொடுத்துவிடலாமா?

பதில்: கலக்காதீர்கள் சகோதரி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எழுபது வருடம் எண்ணி எண்ணிச் செலவு செய்த மனிதர் எட்டே மாதத்தில் கைவீச்சாகச் செலவழிக்கிறார் என்றால், அது குணக்கேடு அல்ல. உடம்புக்குள் ஏதோ நடக்கிறது. "வயதானால் அப்படித்தான்" என்று வீட்டார் ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நீங்கள் ஒதுக்கவில்லை. எப்போதிலிருந்து மாறினார் என்றும் கவனித்து வைத்திருக்கிறீர்கள். மருத்துவருக்கு அந்த ஒரு தகவல் பெரிய உதவி.

நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன, பெரும்பாலும் பெருங்குடலில். குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகின்றன. 2011-ல் ஓர் ஆய்வில், லாக்டோபேசிலஸ் வகை பாக்டீரியா ஒன்றைக் கொடுத்ததும் எலிகளின் பதற்றம் தணிந்தது. வேகஸ் நரம்பைத் துண்டித்த எலிகளிடம் அந்தப் பலன் தென்படவில்லை. 2012-ல் அயர்லாந்தில் 178 முதியவர்களைப் பார்த்தபோது, பராமரிப்பு இல்லங்களில் நீண்டகாலம் தங்கியவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்திருந்தன. அவர்களின் உணவும் வகை குறைந்தது, உடலும் நலிந்திருந்தது.

2024-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று உங்கள் கேள்விக்குச் சற்று அருகில் வருகிறது. 60 வயதைக் கடந்த 36 இரட்டையர் ஜோடிகள். ஜோடியில் ஒருவருக்கு 12 வாரம் குடல் பாக்டீரியாக்களுக்கு உணவாகும் நார்ச்சத்துப் பொடி, மற்றவருக்கு வெறும் பொடி. நார்ச்சத்து எடுத்தவர்கள் நினைவாற்றல் சோதனையில் முன்னேறினார்கள். ஆனால் அங்கே அளந்தது நினைவாற்றலைத்தான், அவசரபுத்தியை அல்ல. முதியவரின் அவசரபுத்திக்கு மருந்து என்று நிரூபிக்கப்பட்ட புரோபயாடிக் மாத்திரை எதுவும் இன்று இல்லை.

இதைத் தலைகீழாகவும் பார்க்க வேண்டும். மூளையின் முன்பகுதிதான் நம் செயல்களுக்குக் கடிவாளம். அது தளர்ந்தால் மனிதர் இனிப்பாகச் சாப்பிடுவார், காய்கறியை ஒதுக்குவார், நடமாட்டத்தைக் குறைப்பார். குடல் பாக்டீரியாக்கள் அதற்குப் பிறகு மாறும். அப்பாவின் விஷயத்தில் எது முதலில் வந்தது என்று வீட்டிலிருந்தபடி நீங்களோ நானோ சொல்ல முடியாது.

குடல் பாக்டீரியா மனிதரின் நடத்தையையே மாற்றிவிடும் என்பதற்கு மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கும் சான்று ஒன்று உண்டு. குடலில் பாக்டீரியாக்கள் அம்மோனியா என்ற நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. நல்ல கல்லீரல் அதை அகற்றிவிடும். கல்லீரல் சுருங்கிக் கெட்டுப்போனவர்களுக்கு அது இரத்தத்தோடு மூளைக்குப் போய்ச் சேர்கிறது. எரிச்சல் வரும், நிதானம் போகும், பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார்கள். மலச்சிக்கல் இருந்தால் இன்னும் மோசமாகும். இதற்கு முதலில் தரும் மருந்து என்ன தெரியுமா? மலத்தை இளக்கும் லாக்டுலோஸ். உங்கள் கடிதத்தில் மலச்சிக்கல் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அப்பாவுக்குக் கல்லீரல் நோயோ, நீண்டகால மதுப்பழக்கமோ, நெடுநாள் சர்க்கரை நோயோ உண்டு என்றால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

அடுத்து அவருடைய மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை சிலரைக் கட்டுக்கடங்காமல் பொருள் வாங்கவும் சூதாடவும் சாப்பிடவும் தூண்டும். 3,090 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் ஏறத்தாழ 14 சதவீதம் பேரிடம் இத்தகைய தொல்லை இருந்தது. தூக்க மாத்திரையும் ஸ்டீராய்டும்கூட நிதானத்தைக் குலைக்கலாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினையும் அமிலம் குறைக்கும் மாத்திரையையும் பல வருடம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் குணத்தை மாற்றும். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் டிமென்ஷியா, அதாவது மூளைத்திறன் படிப்படியாகக் குறையும் நோய், ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் நினைவாற்றல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இனிப்பு வெறியும் இங்கிதக் குறைவும் கண்மண் தெரியாத செலவும்தான் முதலில் வெளியே தெரியும். அப்பாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த நடத்தை மாற்றம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் பரிசோதிக்க வேண்டும். உங்கள் வீட்டில் எட்டு மாதம் ஆகிவிட்டது. முதலில் பொது மருத்துவர், பிறகு அவர் சொன்னால் நரம்பியல் மருத்துவர். என்றாவது ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; சிறுநீர்த் தொற்றுகூட முதியவர்களை அப்படி ஆக்கும்.

வாங்கிய மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மற்ற மருந்துகளோடு அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குப் புரோபயாடிக் கிருமிகளே இரத்தத்தில் தொற்றை உண்டாக்கியது உண்டு. ஒளித்துக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒருநாள் அவருக்குத் தெரிந்துவிட்டால், பிறகு நீங்கள் நீட்டும் ஒவ்வொரு டம்ளரையும் சந்தேகத்தோடு பார்ப்பார். உண்மையிலேயே அவசியமான மருந்து வரும்போது அதைக் குடிக்க மாட்டார்.

பணத்தைப் பொறுத்தவரை, அவர் சம்மதத்தோடு வங்கிக் கணக்கில் அன்றாட வரம்பு ஒன்று வைக்கலாம். அவர் முன்னால் குறைகளை அடுக்க வேண்டாம். மூன்று நான்கு சம்பவங்களைத் தேதியோடு எழுதி மருத்துவரிடம் தனியே கொடுங்கள்.

அவரை எப்படி அழைத்துப் போவது என்றுதானே தவிக்கிறீர்கள்? "அப்பா, மலச்சிக்கல் உங்களை இத்தனை நாளாகப் படுத்துகிறதே, ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிடலாம், நானும் வருகிறேன்" என்று கூப்பிடுங்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.