பழைய ஃபோர் வீல் டிரைவ், பின்னால் ஒரு டிரெய்லர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னுடையது முப்பது வயதான டீசல் ஃபோர் வீல் டிரைவ். கம்பெனி கையேட்டில் 2,500 கிலோ வரை இழுக்கலாம் என்று போட்டிருக்கிறது. 1,800 கிலோ வரும் படகை டிரெய்லரில் ஏற்றி இழுக்கலாம் என்று இருக்கிறேன். வண்டி தாங்குமா?

எஞ்சின் தாங்கும், அதை விடுங்கள். அந்தக் காலத்து டீசல் எஞ்சின்களுக்கு வேகம்தான் வராதே தவிர இழுவைக்குக் குறை இருக்காது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, இழுத்ததை நிறுத்த முடியுமா என்பதுதான்.

கையேட்டில் இருக்கும் எண் ஷோரூமிலிருந்து வெளியே வந்த அன்றைய வண்டிக்கு. அதுவும் பெரும்பாலும், தனக்கென்று பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் பல நாடுகளில் 750 கிலோதான் உச்சம். உங்கள் டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் பேச்சை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இருந்தால், முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள். ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு கோக்கும் அமைப்பு) எந்த இரும்பில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறதோ, அந்தப் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உள்ளே துரு தின்றிருந்தால் சத்தம் மந்தமாக வரும். பெட்டி மாதிரி மூடிய சேஸிஸுக்குள் (வண்டியின் அடிச்சட்டத்துக்குள்) சேறு புகுந்து தங்கினால் அது உள்ளிருந்துதான் அரிக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்றே இருக்கும். புது பெயிண்ட் அடித்த பழைய சேஸிஸ் என்றால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

அப்புறம் பிரேக். ரப்பர் ஹோஸ்கள் உள்ளே ஊதி வழியை அடைத்திருக்கலாம், பின் ஆக்ஸில் சீல் கசிந்து டிரம்முக்குள் எண்ணெய் இறங்கியிருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள்: டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறியதும் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். பாரத்தோடு நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும், ஆயில் கொதித்து ஆவியானதும் பெடல் பஞ்சாகிப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கடைசியாக, அந்த 1,800 கிலோ என்பது வெறும் படகா, இல்லை மோட்டார், எரிபொருள், டிரெய்லரின் சொந்த எடை எல்லாம் சேர்த்தா? ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து இவ்வளவுதான் என்று கையேட்டில் தனியாக ஒரு வரம்பும் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை.

கேள்வி: சமதளத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. டிரெய்லரோடு மேடு ஏறினால் மட்டும் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார், அப்படியும் சரியாகவில்லை.

தெர்மோஸ்டாட்டை முதலில் திரும்பப் போடச் சொல்லுங்கள். எஞ்சின் சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு அது, இல்லாவிட்டால் எஞ்சின் சாதாரண நேரத்தில் சரியான சூட்டுக்கே வராது, தேய்மானமும் டீசல் செலவும் கூடும். மேட்டில் மட்டும் சூடாவதற்கு அது காரணமாக இருப்பது அபூர்வம், அது இறுகி மூடிக்கொண்டிருந்தால் சமதளத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கும்.

மேட்டில் எஞ்சினுக்கு வேலை அதிகம், வண்டியின் வேகமோ குறைவு, எதிர்க்காற்று கிடையாது. முழுக்க ஃபேனை நம்பித்தான் ஓட்டம். ஆகவே ஃபேனிலிருந்து ஆரம்பியுங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் விஸ்கஸ் கப்ளிங் (கெட்டியான எண்ணெய் வழியாக ஃபேனைச் சுற்றும் இணைப்பு) வைத்த ஃபேன் இருக்கும், அதன் உள்ளே உள்ள சிலிகோன் எண்ணெய் வருடக்கணக்கில் கசிந்து தீர்ந்துபோகும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நிறுத்தி, சாவியையும் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைச் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். கடகடவென்று தானாகச் சுற்றினால் கப்ளிங் போய்விட்டது என்று அர்த்தம். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது ரேடியேட்டர். காட்டுப் பாதையில் ஓடும் வண்டியில் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேறும் புல் விதையும் கம்பளி மாதிரி அடைந்து கிடக்கும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. இரண்டையும் பிரித்துத்தான் கழுவ வேண்டும். மூடியையும் மாற்றுங்கள். மலிவான சாமான்தான், ஆனால் அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, அழுத்தம் இல்லாவிட்டால் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும். கூலன்ட்டும் தாதுநீக்கிய தண்ணீரும் பாதிக்குப் பாதி என்பது பெரும்பாலான வண்டிகளுக்குச் சரியான கலவை. குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் உள்ளே உப்புப் படிகிறது. இதெல்லாம் சரியாக இருந்தும் சூடானால், காலையில் ஸ்டார்ட் செய்த உடனேயே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். விறைத்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் உள்ள சீல் தகடு) போயிருக்கலாம், செலவுதான்.

ஓட்டும் விதமும் உண்டு. டாப் கியரில் எஞ்சினைத் திணற விடாமல் ஒரு கியர் இறக்குங்கள், ஃபேனும் வாட்டர் பம்பும் எஞ்சினோடு சேர்ந்து வேகமாகச் சுற்றும். முள் ஏற ஆரம்பித்ததும் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுக்கத் திறந்து விடுங்கள், வியர்த்து ஊற்றும், பரவாயில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ஓவர்டிரைவை (உச்ச கியரை) அணைத்துவிட்டுத்தான் மேடு ஏற வேண்டும். பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலும் ரேடியேட்டரின் அடித் தொட்டியில்தான் குளிர்கிறது. அடிக்கடி பாரம் இழுப்பவர் அதற்குத் தனியாக ஒரு கூலர் மாட்டிக்கொள்வது நல்லது.

கேள்வி: கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் ஒரே ஜிஎல்-5 ஆயில் ஊற்றலாமா?

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தரங்கள். டிஃபரன்ஷியலுக்கு (ஆக்ஸில் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டிக்கு) ஊற்றுங்கள், அதற்கு ஜிஎல்-5தான் வேண்டும். பழைய மேனுவல் கியர்பாக்ஸில் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமமாக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் இருக்கும், அவற்றுக்குப் பல ஜிஎல்-5 ஆயில்கள் ஆகாது. கையேடு ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4தான்.

கேள்வி: அண்ணே, 80 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் டிரெய்லர் வாலாட்டுகிறது. வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்கிறார்கள், உண்மையா?

சொன்னவரை உங்கள் வண்டியில் ஏற்றாதீர்கள் தம்பி. வேகம் கூடினால் ஆட்டமும் கூடும், ஒரு கட்டத்தில் டிரெய்லர் வண்டியையே இழுத்துப் போட்டுவிடும். ஆட்டம் வந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், எதிர்த் திசையில் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். டிரெய்லர் பிரேக்குக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு இருந்தால் அதை லேசாகப் போடலாம்.

காரணம் பெரும்பாலும் சுமை ஏற்றிய விதத்தில் இருக்கும். கனமான சாமான் டிரெய்லரின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் வர வேண்டும், பின்கோடிக்குப் போகவே கூடாது. ஹிட்ச் மேல் இறங்கும் பாரம் டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு, ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைப்பார்கள், ஹிட்ச்சில் பொறித்திருக்கும் வரம்பை மட்டும் தாண்டக் கூடாது. சுமை சரியாக இருந்தும் ஆடினால் பழைய வண்டியில் பின் சஸ்பென்ஷன் புஷ்களையும் டயர் காற்றையும் பாருங்கள். டயரின் வயதையும்தான். பக்கவாட்டில் டாட் எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 2316 என்றால் 2016ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் மேல் கட்டை (டிரெட்) எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் பாரம் இழுக்காதீர்கள்.

கேள்வி: சேற்றில் மாட்டிய வண்டியை, என் வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் பெல்ட்டை மாட்டி இழுத்தேன். நன்றாகத்தான் வந்தது. நண்பர் திட்டுகிறார்.

நண்பர் சொல்வதைக் கேளுங்கள். குண்டு ஒரே சீராக இழுப்பதற்குச் செய்தது, மாட்டிய வண்டியை மீட்கும் ரெக்கவரி பெல்ட் வெட்டி இழுக்கும்போது வரும் விசை அதன் வரம்பைப் பல மடங்கு தாண்டும். குண்டு கழுத்தில் முறிந்தால் பெல்ட் கவணாகிவிடும், இப்படிப் பறந்த குண்டு பட்டு ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சேஸிஸில் போல்ட் போட்ட, எடை வரம்பு பொறித்த ரெக்கவரி கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காக வைத்த வளையமும் இதற்கு உதவாது. பெல்ட்டின் நடுவில் ஒரு கனமான கம்பளியைப் போடுங்கள், வேடிக்கை பார்ப்பவர்களைப் பெல்ட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி நிறுத்துங்கள்.

கேள்வி: ஓடையைக் கடந்து வந்த பிறகு பின் ஆக்ஸில் ஆயில் பால் நிறத்தில் இருக்கிறது. சீல் புதிதுதான்.

தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்றுங்கள். சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும், பிரீதர் (ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் சிறு வழி) சேறு அடைத்திருந்தால் சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சீல் புதிதாக இருந்தாலும் இது நடக்கும். பிரீதரைச் சுத்தம் செய்து, ஒரு ஹோஸ் மாட்டி எஞ்சின் அறைக்கு மேல் வரை கொண்டுபோய்விடுங்கள். டிரெய்லரும் கூடவே இறங்கியிருந்தால் அதன் வீல் பேரிங்குகளைத் திறந்து புது கிரீஸ் வைத்துவிடுங்கள்.

கேள்வி: இண்டிகேட்டர் போட்டால் டிரெய்லரில் எல்லா விளக்கும் சேர்ந்து மங்கலாகச் சிமிட்டுகிறது.

எர்த் வயர்தான் காரணம். ஏழு பின் பிளக்கில் பெரும்பாலும் மூன்றாம் பின், வெள்ளை வயர். பின்னைச் சுரண்டிச் சுத்தம் செய்து, டிரெய்லர் சட்டத்தில் அந்த வயர் சேரும் இடத்தின் துருவையும் எடுத்து இறுக்குங்கள். பல்பை மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.