ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் மாதிரியான நளினமான கையெழுத்து எழுத்துருவைக் கல்யாணப் பத்திரிகையில் எங்கெல்லாம் பயன்படுத்தலாம்?

பத்திரிகை வடிவமைப்புதான் எனக்குத் தொழில். ஆங்கிலப் பக்கத்தில் மணமக்கள் பெயருக்கு மட்டும் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டை வையுங்கள். மிஞ்சிப்போனால் மேலே ஒரு வரி. முகூர்த்த நேரம், மண்டப முகவரி, பெற்றோர் விவரம் எதற்கும் வேண்டவே வேண்டாம்.

அதன் அழகு முழுக்கத் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருவதில்தான் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லண்டனில் கையெழுத்து ஆசிரியராக இருந்தவர் சார்லஸ் ஸ்னெல். அந்தக் காலத்து இறகுப் பேனாவைக் கீழே அழுத்தி இழுத்தால் முனை விரிந்து கோடு தடிக்கும். மேலே ஏறும்போது கை லேசாகி, கோடு மயிரிழையாகிவிடும். ஸ்னெலின் கையெழுத்தை அடிப்படையாக வைத்து 1960களின் நடுவில் எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் லினோடைப் என்ற அச்செழுத்து நிறுவனத்துக்காக இதை வரைந்தார். ஈய எழுத்தில் இப்படிச் சாய்ந்த எழுத்துகளை இடைவெளி தெரியாமல் ஒட்டுவது பெரும்பாடு. எழுத்தை ஈயத்தில் வார்க்காமல் ஒளிப்படமாகப் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பு வந்ததால் அந்தத் தடை நீங்கியது. ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தில் போய்ச் சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒட்டுப்போட்ட தடமே தெரியாது. எனக்கு இன்றும் அலுக்காத வேலைப்பாடு அது.

அந்த இணைப்பைக் கெடுக்காதீர்கள். எழுத்துகளுக்கு இடையே கூடுதல் இடைவெளி கொடுத்தால் பெயர் துண்டு துண்டாகிவிடும். முழுப் பெயரையும் ஆங்கிலக் கேப்பிடல் எழுத்துகளிலேயே அடித்தால் சுழிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, யார் பெயர் என்றே தெரியாது. நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் வேறு இருக்கும்; பெயருக்குக் கீழே பி.ஈ., எம்.பி.ஏ. என்று படிப்பும் வரும். இவற்றையெல்லாம் ஜார்ஜியா போன்ற நேரான எழுத்துருவில் சின்னதாகப் போட்டுவிடலாம். ஜார்ஜியாவும் கார்ட்டர் வரைந்ததுதான்.

அச்சுக்குப் போகும்போதுதான் உண்மையான சோதனை. பொன் நிறத்தை நான்கு வண்ணக் கலவையில் எடுத்தால் மயிரிழைக் கோடு புள்ளி புள்ளியாக உடையும். அதற்குத் தனி மை கேளுங்கள். கருஞ்சிவப்பு அட்டை மாதிரித் தோன்ற பின்னணி முழுக்க மை ஓட்டி, எழுத்தை மட்டும் வெள்ளையாக விட்டால், சுற்றியுள்ள மை பரவி மெல்லிய கோடுகளை அடைத்துவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அந்தக் கோடு விழாமலே போகலாம். இப்படிப்பட்ட வேலைகளுக்கு இதன் தடித்த வடிவத்தை எடுங்கள். 30 பாயின்டுக்குக் கீழே இறங்காதீர்கள் என்பது என் கணக்கு. எதற்கும், அசல் அட்டையிலேயே ஒரு மாதிரி அடித்துப் பார்த்த பிறகு மொத்தமாகக் கொடுங்கள்.

ஆப்பிள் கணினியில் இந்த எழுத்துரு கூடவே வருகிறது. விண்டோஸ் வைத்திருந்தால் கூகுள் ஃபான்ட்ஸில் கிரேட் வைப்ஸ் கிடைக்கும். அதில் சுழிகள் இன்னும் தாராளம், தொழில்முறை வேலைக்கும் காசு கட்ட வேண்டாம்.