ஜப்பானில் கலங்கரை விளக்கங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு கடற்கரைக்குப் போவதென்றால் எங்கே போகலாம்?

குஷிமோத்தோவுக்குப் போங்கள். வாகயாமா மாகாணத்தின் தென்கோடி ஊர். ஒசாகாவிலிருந்து விரைவு ரயிலில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அருகருகே இரண்டு கலங்கரை விளக்கங்கள். 1866இல் மேலை நாடுகளோடு போட்ட ஒப்பந்தத்தால் ஜப்பான் கட்டியே ஆக வேண்டியிருந்த எட்டில் இவையும் சேர்த்தி. இரண்டும் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரிச்சர்ட் பிரன்டனின் கைவரிசை.

ஹோன்ஷுவின் தென்முனையான ஷியோனோமிசாகியில் இருப்பது உயரமானது. டிக்கெட் வாங்கி உள்ளே ஏறலாம். படம் எடுக்க இதுதான் சரி.

எனக்குப் பிடித்தது மற்றொன்று. ஓஷிமா தீவின் கிழக்கு முனையில், காஷினோசாகியில் 1870இல் ஏற்றிய விளக்கு. 1999இல் பாலம் வந்துவிட்டதால் பஸ்ஸிலேயே போகலாம். கல் கட்டடம், 'இவ்வளவுதானா?' என்று கேட்கவைக்கும் குட்டை. நானும் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டேன். திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் குறித்து வைக்காத புண்ணியத்தில் ஒன்றரை மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. வேறு வேலையில்லாமல் வெளிப்புறச் சுருள்படியில் மறுபடி ஏறினேன். அப்போதுதான் கடலில் அந்தப் பாறைகள் கண்ணில் பட்டன. அலை வடியும்போது கறுப்பாகத் தலை காட்டும். அடுத்த அலையில் காணாமல் போகும்.

1890 செப்டம்பர் 16 இரவு, சூறாவளியில் சிக்கிய எர்துருல் என்ற ஒட்டோமான் (அன்றைய துருக்கிப் பேரரசு) போர்க்கப்பல் மோதி உடைந்தது இந்தக் கடலில்தான். 500 பேருக்கு மேல் மாண்டார்கள். பிழைத்தவர்கள் 69 பேர். கலங்கரை விளக்கம் என்ற நம் சொல்லுக்கு 'கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு' என்று பொருள். அன்று கலம் போய்விட்டது. கரையொதுங்கியவர்கள் அந்த வெளிச்சத்தை நோக்கித்தான் இருட்டில் செங்குத்துச் சரிவில் ஏறி வந்தார்கள். அவர்கள் பேச்சு விளக்கைக் காத்தவர்களுக்குப் புரியவில்லை. பல நாட்டுக் கொடிகளின் படங்களைக் காட்டித்தான் எந்த நாட்டவர் என்று கண்டுபிடித்தார்களாம். ஏழை மீனவக் கிராமம். இருந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கையும், வளர்த்த கோழிகளையும்கூடச் சமைத்துப் போட்டிருக்கிறார்கள்.

விளக்குக்குப் போகும் பாதையிலேயே இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. பக்கத்துக் கடையில் துருக்கிய நீலக்கண் மணி விற்கிறார்கள், ஒன்று வாங்கினேன். ஒரே நாள்தான் கையில் இருக்கிறதென்றால் ஷியோனோமிசாகியைக் காலையிலேயே முடித்துவிட்டு, மதியத்தை முழுதாக இதற்கு விட்டுவிடுங்கள்.