சுசுகியின் எடை – கடிதமும் பதிலும்

வணக்கம்.

யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் கார்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஐயாவின் ஒஸ்ரின் ஏ40 காரில் ஏறி வளர்ந்தவன் நான். இப்போது ஓய்வூதியத்தில் இருக்கிறேன். மனைவிக்கு முழங்கால் வருத்தம். மாதத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரி கிளினிக், வெள்ளிக்கிழமைகளில் நல்லூர், இடைக்கிடை வவுனியாவில் மகள் வீடு. எங்கள் ஓட்டம் இவ்வளவுதான். பழைய சுசுகி வாகன் ஆர் ஒன்று வாங்க யோசிக்கிறோம். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, "அண்ணை, உது தகரப் பேணி. இன்னும் கொஞ்சக் காசைப் போட்டு ரொயோட்டா ஒண்டு எடுங்கோ" என்கிறான். சுசுகி ஏன் மற்றவற்றைவிட மலிவு? எதையோ குறைத்துத்தானே மலிவாகக் கொடுக்கிறார்கள்? அந்தக் கம்பனியின் கதை என்ன? வைத்திருப்பவர்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோண்டாவில்

அன்பின் மாஸ்ரர்,

எதையோ குறைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் நினைப்பது சரி. குறைத்தது எடையை. தம்பி தகரம் என்று சொல்வதும் அதைத்தான். ஆனால் அந்த எடைக் குறைப்பு சுசுகிக்காரர் எழுபது வருடமாகக் கவனமெடுத்துச் செய்துவரும் வேலை. அதை ஏமாற்று என்று நினைத்து, உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற காரை விட்டுவிடாதீர்கள் என்பதற்காகவே சற்று நீளமாக எழுதுகிறேன்.

ஹமமட்சு என்பது தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையில் பசுபிக் கரையோரம் இருக்கும் ஊர். பருத்தி நெசவுக்குப் பேர்போன பகுதி. அங்கே 1887இல் கமக்காரக் குடும்பத்தில் பிறந்த மிச்சியோ சுசுகி, தச்சுவேலை பழகியவர். தாய்க்கு ஒரு தறி செய்து கொடுத்தார். 1909இல் சொந்தமாகத் தறிப் பட்டறை தொடங்கினார். 1920இல் அது கம்பனியானது. (தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்: ரொயோட்டாவும் தறியிலிருந்து வந்த கம்பனிதான். அதன் மூலவரான சாகிச்சி தொயோடா, ஹமமட்சுவுக்கு அயல் ஊர்க்காரர்.) 1930களின் பிற்பகுதியில் மிச்சியோவுக்குக் காரில் ஆசை வந்தது. பிரித்துப் பார்த்துப் படிக்க அவர் வாங்கியது ஓர் ஒஸ்ரின் செவின். உங்கள் ஐயாவின் ஏ40க்கு மூத்த தலைமுறை. மாதிரி வண்டிகள் செய்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே யுத்தம் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது.

யுத்தம் முடிந்து மறுபடி தறிக்குத் திரும்பினார்கள். 1951இல் பருத்திச் சந்தை விழுந்தபோது தறிகளுக்கு ஆளில்லை. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 1952இல் வந்த 'பவர் ஃப்ரீ'. சைக்கிளில் பூட்டும் 36 சிசி மோட்டார் அது. மிச்சியோவின் மருமகன் ஷுன்சோ, மீன்பிடிக்கச் சைக்கிளில் எதிர்காற்றில் மிதித்துப் போனபோது வந்த யோசனை என்று கம்பனி வரலாற்றில் சொல்வார்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் சைக்கிள் மிதித்த எவருக்கும் அந்த மனிதரைப் புரியும். மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டும் மிதிக்கலாம், மோட்டார் இல்லாமலும் மிதிக்கலாம், மிதிக்காமலும் போகலாம். சைக்கிள் உங்களுடையது; அவர்கள் கொடுப்பது மேலதிகமாக ஒரு சிறிய பாரம் மட்டும். அந்தக் கம்பனியின் குணம் முழுவதும் எனக்கு இந்த ஒரு பொருளில் தெரிகிறது.

1954இல் பெயர் சுசுகி மோட்டார் என்றானது. அந்த வருடம் ஒக்ரோபரில், செய்து முடித்திருந்த இரண்டு மாதிரிக் கார்களை ஹமமட்சுவிலிருந்து ஹக்கோனே மலைப்பாதை வழியாகத் தோக்கியோவுக்கு ஓட்டிப் போனார்கள். தார் போடாத வீதி, குட்டி எஞ்சின், வழியெல்லாம் திருத்தம். யனாசே என்ற பெரிய கார் விற்பனையாளரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்பதற்காக அந்தப் பயணம். அடுத்த வருடம் 'சுசுலைட்' விற்பனைக்கு வந்தது. 360 சிசி, முன்சில்லு இழுவை. அந்தக் காலத்தில் பெரிய கம்பனிகளே முன்சில்லு இழுவைக்குத் தயங்கின.

ஏன் 360 என்று கேட்பீர்கள். ஜப்பானில் 'கேய்' என்று ஒரு வகை இருக்கிறது. அரசாங்கம் நீளம், அகலம், எஞ்சின் அளவு மூன்றுக்கும் எல்லை போட்டு, அதற்குள் அடங்கும் வண்டிக்கு வரியைக் குறைத்தது. 1955இல் எல்லை 360 சிசி. 1976இல் 550, 1990இல் 660. இன்றைக்கு நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர். நீங்கள் பார்க்கும் வாகன் ஆர் இந்தப் பெட்டிக்குள் செய்யப்பட்டது. பெட்டியைப் பெருப்பிக்க முடியாதென்றால், உள்ளே இருப்பதை மெலிதாக்கவும் கூரையை உயர்த்தவும்தான் முடியும். 1993இல் முதல் வாகன் ஆர் செய்தது அதைத்தான். ஆட்களைப் படுக்கவைப்பதுபோல் இருத்தாமல் நிமிர்ந்து இருக்கவைத்தது.

இதற்கு முன்னால் வந்த அல்டோ என்ற சிறிய சுசுகியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மலிவின் கதை விளங்காது. 1978இல் ஒசாமு சுசுகி தலைவரானார். வங்கியில் வேலை செய்தவர், அந்தக் குடும்பத்துக்கு மருமகனாக வந்து பெயரையும் ஏற்றவர். கார் விற்பனை மந்தமாக இருந்த நேரம். ஒரு காரில் நாளாந்தம் உண்மையில் எத்தனை பேர் போகிறார்கள் என்று அவர் கணக்குப் பார்த்தார். பெரும்பாலும் ஒருவர், சிலவேளை இருவர். அப்படியென்றால் முன்னிருக்கைக்குத்தான் மரியாதை, பின்பக்கம் சாமான் ஏற்ற. அதைச் சிறிய வர்த்தக வாகனமாகப் பதிவுசெய்தால் பயணிகள் காருக்குரிய பொருள் வரியும் இல்லை. 1979 மே மாதம் முதல் அல்டோ நாடு முழுவதும் ஒரே விலையில், 470,000 யென்னுக்கு வந்தது. ஜப்பானியப் பெண்கள் பலர் தங்கள் சொந்தக் காரென்று ஓட்டத் தொடங்கியது அதில்தான். பின்னாளில் தொழிற்சாலையில் அவர் வைத்த சுலோகம்: ஒரு பாகத்துக்கு ஒரு கிராம் குறை, ஒரு யென் குறை. 2014 டிசெம்பரில் வந்த அல்டோவின் எடை 610 கிலோ. முந்தியதைவிட 60 கிலோ குறைவு. உலகத்துக் கார்களெல்லாம் வருடாவருடம் கொழுத்துக்கொண்டிருந்த காலத்தில் அப்படி ஒன்றைச் செய்ய நிறைய மூளை வேண்டும். ஒசாமு 2024 டிசெம்பர் 25 அன்று 94 வயதில் காலமானார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

இந்தியாவின் மாருதிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1982இல் சுசுகியோடு ஒப்பந்தம், 1983 டிசெம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர். நாங்கள் இங்கே 'மாருதி' என்று சொன்னதும் அதைத்தான்.

இனி யாழ்ப்பாணம். தம்பியின் வாயில் தகரம் என்ற சொல் ஏன் வருகிறதென்று எனக்கு விளங்குகிறது. 90களில் பொருளாதாரத் தடை காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. ஏ40, மொறிஸ் மைனர் எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, அதனால் மண்ணெண்ணெயைத் தாங்கின. தடித்த இரும்பு, கராஜில் தட்டி நிமிர்த்தலாம். எங்களைக் காப்பாற்றியது பாரமான கார் என்று மனதில் பதிந்துவிட்டது. அந்த நன்றி நியாயமானது. ஆனால் இன்றைய தேவைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று காருக்கு அளந்து கொடுத்தார்களே, அப்போது பெரிய கார்க்காரர் வண்டியை வளவுக்குள் விட்டுவிட்டுச் சைக்கிளில் போனார்கள். வாகன் ஆர் வைத்திருந்தவர்கள் கிழமை முழுக்க ஓடினார்கள். இங்கே அந்தக் காரின் மதிப்பு மாறியது அந்த மாதங்களில்தான் என்பது என் எண்ணம்.

வைத்திருப்பவர்கள் சொல்வதைக் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, ஒழுங்கைக்குள் எதிரே ரக்ரர் வந்தாலும் ஒதுங்க இடம் கிடைக்கிறது என்பதைத்தான் முதலில் சொல்வார். வேலியில் உரசாமல் வீட்டுப் படலையால் ஒரே வெட்டில் உள்ளே எடுப்பது அவருக்குப் பெரிய நிம்மதி. பருத்தித்துறையிலிருந்து தினமும் யாழ்ப்பாணம் வந்துபோகும் ஒருவர் லீற்றருக்கு 18, 20 கிலோமீற்றர் என்கிறார். 2014 ஹைபிரிட் மொடலுக்கு ஜப்பானில் 32.4 என்று போட்டிருந்தார்கள். அது சோதனைக்கூட எண். சில சோதனைகளை விதிப்படி அளக்கவில்லை என்று 2016 மே மாதம் சுசுகியே ஒப்புக்கொண்டதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வெயிலில் ஏசி போட்டு, சந்திக்குச் சந்தி நின்று ஓடுபவருக்கு 18 கிடைத்தால் அது நல்ல கார்.

அதே ஆள் காற்றைப் பற்றியும் சொல்வார். அகலம் குறைந்த, உயரமான, 800 கிலோவுக்கும் சற்றுக் குறைந்த வண்டி. ஆனையிறவு வெளியில் பக்கக் காற்று அடித்தால் ஸ்ரேறிங்கை இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும். நாலு பெரியாட்கள், ஏசி, பின்னால் அரிசி மூட்டை என்று ஏற்றினால் 660 சிசி களைத்துப் போகும். கலியாண வீட்டுக்கு ஏழு பேரை அடைக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அதற்கு இந்தக் கார் இல்லை. நேராக ஜப்பானிலிருந்து வந்ததென்றால் ஸ்ராட் பண்ணியவுடன் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும், பயப்படாதீர்கள், அந்நாட்டு நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்கிறது. றேடியோவிலும் எங்கள் எஃப்எம் அலைவரிசைகள் பல பிடிக்காது. அங்கே எஃப்எம் 76இலிருந்து தொடங்கி எங்களுடையதன் பெரும்பகுதிக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. சின்ன ஒரு கருவி பூட்டினால் சரி.

பாதுகாப்பு விடயத்தில் நான் எதையும் மெழுக மாட்டேன். 2014இல் குளோபல் என்கெப் அமைப்பு எயார்பாக் இல்லாத இந்திய அல்டோ 800ஐ மோதவிட்டுப் பார்த்தபோது ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. 2023இல் இந்திய வாகன் ஆருக்கு ஒன்று, அல்டோ கே10க்கு இரண்டு. பெயர் ஒன்றென்றாலும் இந்தியத் தயாரிப்பும் ஜப்பான் கேய் வண்டியும் வேறு வேறு கார்கள். இங்கே இரண்டும் விற்பனைக்கு வருவதால் எது என்று கேட்டே வாங்குங்கள். எந்த நாட்டுத் தயாரிப்பானாலும் ஏ9 வீதியில் எதிரே வரும் பஸ்ஸின் எடைக்கு முன்னால் சிறிய கார் சிறிய கார்தான். வவுனியாவுக்கு 140 கிலோமீற்றர். விடிந்த பிறகு வெளிக்கிட்டு இருட்டுமுன் போய்ச் சேருங்கள். இரவில் போகவேண்டி வந்தால் ரயில் இருக்கிறது. பின் சீற்றிலும் பெல்ற் போடுவதை வீட்டில் சட்டமாக்குங்கள்.

ரொயோட்டாவா என்ற கேள்விக்கு வருகிறேன். ரொயோட்டா நல்ல கார், சந்தேகமில்லை. ஆனால் 2019இல் ரொயோட்டா சுசுகியின் பங்குகளில் 4.9 வீதத்தை வாங்க முடிவெடுத்ததையும், அதே வருடம் இந்தியாவில் சுசுகி பலேனோவைக் 'கிளான்சா' என்று தன் பெயர் பொறித்து விற்கத் தொடங்கியதையும் தம்பி அறிந்திருக்க மாட்டார். 2020இல் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு எங்கள் நாட்டில் எந்தக் காரும் மலிவில்லை. 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்துவிட்டும் விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. மேலதிகமாகப் போடும் பல இலட்சம், நல்லூருக்கும் கிளினிக்குக்கும் போய்வர உங்களுக்கு எதைத் தரப்போகிறது? வவுனியாப் பயணம் மாதத்தில் நாலைந்து முறை என்றிருந்தால் நானே 1000 சிசிக்கு மேற்பட்ட, கனமான ஒன்றைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். இடைக்கிடை என்று எழுதியிருக்கிறீர்கள். வாகன் ஆரை வாங்குங்கள்.

பார்க்கப் போகும்போது காலையில், எஞ்சின் சூடாகமுன் போங்கள். ஜப்பான் ஏல அறிக்கை இருந்தால் வாங்கி, அதிலுள்ள கிலோமீற்றரை மீற்றரோடு ஒப்பிடுங்கள். ஹைபிரிட் என்றால் முன்பக்கப் பயணி இருக்கைக்குக் கீழே சிறிய லிதியம் பற்றரி ஒன்று இருக்கும். அதைக் கருவி பூட்டிச் சோதிக்கத் தெரிந்த கராஜ்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கம் ஓடிய வண்டி என்றால் உப்புக் காற்று பட்டிருக்கும், கட்டாயம் உயர்த்தி அடிப்பக்கத்துத் துருவைப் பாருங்கள். மெல்லிய தகட்டில் துரு பிடித்தால் தட்டி நிமிர்த்த ஒன்றும் மிஞ்சாது.

மனைவியாரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். வாகன் ஆரின் இருக்கை இடுப்பு உயரத்துக்குக் கிட்ட இருப்பதால் முழங்கால் நோவுள்ளவர்கள் பக்கவாட்டில் இருந்து திரும்பிக்கொள்ளலாம். அல்டோவில் குனிந்து இறங்கவேண்டும். அவர் ஒருவர் கையையும் பிடிக்காமல் தானாக ஏறி இறங்கிப் பார்க்கட்டும், முன்னுக்கும் பின்னுக்கும். விலையை அதற்குப் பிறகு பேசுங்கள்.

அன்புடன்.